மீசை ஒட்டுகிற பசை

தேரிவிளை முக்கில் சீனித்தாயைச் சீனித்தாய் என்று கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகிறது. முகத்துக்கு நேராக அக்கா, மைனி என்பார்கள். அவள் தலை மறைந்ததும் 'ஊது அக்கா'தான். அந்தப் பெயரை வைத்தவன் யார் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கு அவள் கடையில் இன்றுவரை ஒரு ஊக்கு கூடக் கொடுப்பதில்லை.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

முக்கில் அவளுக்கு ஒரு ஃபேன்சி ஸ்டோர். புருஷன் சென்னையில் பலசரக்குக் கடையில் வேலை. பொங்கலுக்குத்தான் முகம் காட்டுவார். கடையில் வருஷம் முழுக்க வளையல், ரிப்பன், பள்ளிக்கூடப் பை. குலசை அம்மன் கோயில் தசரா நெருங்கிவிட்டால் கிரீடம், சடாமுடி, சிவப்புச் சேலை, தகரக் கத்தி, தாடி, மீசை. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு, ஒரு பொழுது இருந்து, கையில் காப்புக் கட்டி வேஷம் போடுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முகத்தில் சாயம் பூசி விடுவது அவள்தான். காப்பு என்றால் மஞ்சள் கயிறுதான். ஆனால் அது கையில் ஏறிவிட்டால் இந்தப் பக்கத்தில் அந்தப் பிள்ளையை யாரும் வாடா போடா என்று பேச மாட்டார்கள். பெற்ற தாயே கும்பிட்டுத் திருநீறு வாங்கிக்கொள்வாள்.

போன வருஷம் எட்டாம் திருநாள். எதிர்த்த பலசரக்குக் கடை வன்னியபெருமாள் அண்ணாச்சியின் மகன் செந்தூர்வேல் வேடன் வேஷத்தில் பைக்கில் வந்து அவள் கடைமுன் இறங்கினான். பதினேழு வயது. இறங்கும்போது கால் ஒரு பக்கம் இழுத்தது. கிட்டே வந்து, "அத்த, தாடி பிய்யிது" என்றான். குப்பென்று ஒரு வாடை. சீனித்தாய்க்கு எதையும் மனசுக்குள் வைத்திருக்கத் தெரியாது. கூட்டம் நிறைந்த முக்கில் நின்று, "ஏலே, காப்புக் கட்டின கையோட குடிச்சிட்டு வண்டி ஓட்டிட்டா வார" என்று சத்தம் போட்டுவிட்டாள். வன்னியபெருமாள் கடையிலிருந்து இறங்கி வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகனை ஓங்கி ஒரு அறை. சீனித்தாய் கடைக் கத்தரியையே எடுத்து, மகன் கையிலிருந்த காப்பை அறுத்து ரோட்டில் எறிந்தார்.

அதற்குப் பிறகுதான் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் மெஷினைக் கொண்டுவந்து ஊதச் சொன்னார். மெஷின் சைபர் காட்டியது. மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் சைபர். பையன் தாடியைப் பிய்த்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். அதுவரை தாடி மீசையெல்லாம் காதில் மாட்டுகிற நூலோடுதான் வரும். அந்த வருஷம் பையன்கள் மதுரையிலிருந்து புதிதாக ஒரு பசை வாங்கி வந்திருந்தார்கள். நாடகக்காரர்கள் மீசை ஒட்டுகிற பசை. ஸ்பிரிட் கலந்தது. வாடை அதிலிருந்து வந்தது. கால் இழுத்தது பட்டினியில். நாற்பத்தொரு நாள் ஒரு பொழுது இருந்த பிள்ளையின் காப்பு அதற்குள் யார் யார் காலிலோ மிதிபட்டுக் கிடந்தது. ஊதச் சொன்னது போலீஸ்காரர், பெயர் விழுந்தது சீனித்தாய்க்கு.

மன்னிப்புக் கேட்க அவள் இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. பிறகு பிடிவாதமாக அந்தப் பசையில் ஒரு பாட்டில் வாங்கி வைத்து, தினம் ஒரு தரம் திறந்து மோந்து மோந்து பழகினாள். முதலில் ஸ்பிரிட் மூக்கில் அடிக்கும், அடியில் குங்கிலிய வாடை நிற்கும். இனி தூக்கத்தில் கொடுத்தாலும் சொல்லிவிடுவாள். கூடவே ஒரு சபதமும் எடுத்தாள்: இனிமேல் எவன் குடித்தாலும், எவன் எதை ஓட்டினாலும் நான் வாயைத் திறந்தால் என் பெயர் சீனித்தாய் இல்லை.

அந்தச் சபதம் இந்த வருஷம் எட்டாம் திருநாள் மத்தியானம் இரண்டரை மணி வரைக்கும் தாங்கியது.

அன்றைக்கு உடன்குடிப் பக்கமிருந்து குலசைக்கு நடக்கிற கூட்டம் ரோட்டின் இரண்டு ஓரமும் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. கைப்பிள்ளைக்காரிகள், காளி வேஷங்கள், காலில் செருப்பில்லாத கிழவர்கள். தார் சுட்டதால் எல்லோரும் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்தார்கள். கோட்டில் சூடு கொஞ்சம் குறைவு. வருகிற வண்டிதான் பார்த்து விலகிப் போக வேண்டும்.

செட் என்றால் ஒன்றாகச் சேர்ந்து போகிற வேஷக் குழு. ஊர்ச் செட்டில் பெரியவர்கள் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகள் செட்டுக்குத் தனியாக ஒரு குட்டியானை வண்டி. பின்னால் கம்பி கட்டி, சுற்றி வேப்பிலை சொருகியிருந்தது. டிரைவர் சாயர்புரத்து பர்னபாஸ். நிதானக்காரர்தான், ஆனால் சோற்று விஷயத்தில் அவரை யாரும் அவசரப்படுத்த முடியாது. சீனித்தாய் கடைக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, வழக்கம்போலச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, சாப்பிட உள்தெருவுக்கு நடந்துவிட்டார். வண்டியில் பதினொரு சின்னப் பிள்ளைகள், நாலு பெரிய பையன்கள். நாலு பேரில் இரண்டு பேர் மேளம். ஒருவன் செந்தூர்வேல். இந்த வருஷம் காக்கி உடுப்பும் முறுக்கு மீசையுமாகப் போலீஸ் வேஷம். இன்னொருவன் சீனித்தாயின் மகன் ஜெயகணேஷ், பிளஸ் டூ படிக்கிறவன். அவனுக்குக் கல்யாணப் பெண் வேஷம். காலையில் தன்னுடைய அரக்குப் பட்டை அவளே கட்டிவிட்டு, சவுரி முடியைக் கயிறு போட்டு இறுக்கி, முகத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிப் பவுடர் போட்டு அனுப்பியிருந்தாள்.

முதலில் கண்ணில் பட்டது பேப்பர் கப். மேளக்காரப் பையன் ஒருவன் அவள் கடையிலேயே வந்து நாலு கப் கேட்டான். பதினைந்து பேர் இருக்கிற வண்டிக்கு நாலு கப் எதற்கு? கேட்கவில்லை. கொடுத்தாள். பிறகு எலுமிச்சை கலர் பாட்டில் ஒன்று வண்டிக்குப் பின்னால் போனது. பாதியாகத் திரும்பி வந்தது. வந்த பாட்டிலைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் வேப்பிலைக் கொத்துக்குள் சொருகினார்கள். கலர் பாட்டிலை யாராவது ஒளித்து வைப்பார்களா?

அவள் பார்வை தானாகவே செந்தூர்வேலிடம் போய் நின்றது. அவன் மற்றவர்களோடு சேராமல் தள்ளி நின்றான். யாருக்கோ போன் அடித்தான், வைத்தான், மறுபடி அடித்தான். முக்கை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு டிரைவர் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டான். சட்டென்று கதவைச் சாத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். வேர்த்துக் கொட்டியது அவனுக்கு.

நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால், சீனித்தாய்க்கு அந்த நேரம் பயத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. இந்த வருஷமாவது அவன் நிஜமாகவே குடித்திருக்க வேண்டும். இருந்தால் போன வருஷத்துப் பழியில் பாதியாவது கழியும். இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

"மைனி, பாத்தீயளா?" என்று பக்கத்துத் தையல்கடை இசக்கிசெல்வி வாசலுக்கு வந்தாள். அவள் மகள் ஐஸ்வர்யா நீலச் சாயம் பூசிய கிருஷ்ணராக அந்த வண்டியில்தான் இருந்தாள். எட்டு வயது.

"என்னத்த?"

"வண்டிக்குப் பின்னால போறதும் வாறதுமா இருக்கானுவ. எனக்கு என்னமோ சரியாப் படல."

"அப்ப போயிக் கேளேன்."

"காப்புக் கட்டுன பிள்ளையள நான் எப்படிக் கேக்க? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, இவ வாய் வச்சதாலதான்னு எம் மேல வரும். போன வருசம் நீங்க பட்டது காணாதா?"

"ஒம் மவ அதுலதான இருக்கா."

"ஓட்டப்போறது பர்னபாஸ் அண்ணன்தான. அவரு பாத்துக்கிடுவாரு." சொல்லிவிட்டு இசக்கிசெல்வி நகத்தைக் கடித்தாள்.

டீக்கடையிலும் இதே கதைதான். பெஞ்சில் இருந்த நாலு பேரும் வண்டியைப் பார்த்தார்கள், பிறகு பேப்பரைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் அடுத்த ஆள் கேட்பான் என்று இருந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வரும். கூட்டத்தில் ஒருத்தன் கேட்டிருந்தால் போதும், மற்ற எல்லோரும் 'அதானே' என்று எழுந்திருப்பார்கள்.

சீனித்தாய் ரோட்டைக் கடந்து வன்னியபெருமாள் கடைக்குப் போனாள். ஒரு வருஷமாக ஏறாத படி.

"அண்ணாச்சி, பையனுவ வண்டிய எடுக்கதுக்குள்ள நீங்க ஒரு எட்டு வந்து பாத்தியள்னா நல்லாருக்கும்."

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்கு? எம் மவன் வாய இன்னொரு தடவ மோந்து பாக்கணுமோ?"

"நான் அப்படிச் சொல்லல அண்ணாச்சி."

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம் தாயி. போன வருசம் நீ சொன்னதுக்கே அவன் இன்னும் எங்கூட ஒக்காந்து சாப்பிடல." அவர் பருப்பை மடித்துக் கட்டினார். நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்து என்ன வேண்டும் என்றார்.

அவள் திரும்பி வந்தபோது ஜெயகணேஷ் கடைமுன் நின்றான். உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே நாலடி தள்ளியே நின்றான்.

"எம்மா, செந்தூரு வண்டிச் சாவிய எடுத்து ஒளிச்சு வச்சிட்டான்."

"அவன் எதுக்கு எடுக்கான்?"

"அவன் ஓட்டணுமாம். ஆளே ஒரு மாதிரி இருக்கான். நீ போயி வாங்கிக் குடு. நான் ஓட்டிட்டுப் போயிருதேன்."

"பர்னபாஸ் வரட்டும்லே."

"அவரு சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வர நாலு மணி ஆவும். பெரிய செட்டு கடக்கரையில காத்துக்கிட்டு நிக்கி. மெதுவா உருட்டிட்டுப் போயிர மாட்டனா? நான் ஓட்டுனத நீதான் பாத்திருக்கியே."

பார்த்திருக்கிறாள். அதுதான் சங்கடம். மூன்று நாளாகத் தெருத்தெருவாக வண்டியை நகர்த்துவது ஜெயகணேஷ்தான். பர்னபாஸ் தேரி மணலில் வைத்துப் பழக்கிவிட்டிருந்தார். லைசென்ஸ் எடுக்க வயசு வரவில்லை. கல்யாணப் பெண் ஸ்டியரிங் பிடித்து வருகிறது என்று ஊரே சிரித்துப் பார்த்தபோது, சீனித்தாயும் கடைவாசலில் நின்று வாயெல்லாம் பல்லாகப் பார்த்தாள். அதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கும் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

"கிட்ட வந்து சொல்லு, மேளச் சத்தத்துல காது கேக்கல" என்றாள்.

"சேல தடுக்கும்மா." அவன் திரும்பிப் போய்விட்டான்.

சாவி ஒரு குடிகாரன் கையில் இருக்கிறது. வண்டியில் பதினொரு பிள்ளைகள். குலசை வரை ஒன்பது கிலோமீட்டர், வெள்ளைக் கோட்டில் வரிசையாகச் சனம். செந்தூர்வேலிடமிருந்து சாவியை வாங்கியே ஆக வேண்டும். ஆனால் ஆதாரமில்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. ஆதாரம் வேண்டுமென்றால் அவன் முகத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோக வேண்டும். மறுபடியும் மோந்து பார்க்கிறாள் என்று யாரும் சொல்லவும் கூடாது. சீனித்தாய் இரண்டு நிமிஷம் யோசித்தாள். பிறகு உள்ளே போய்த் தாம்பாளத்தை எடுத்து, மஞ்சள் தண்ணீர் கரைத்து, சூடத்தைக் கொளுத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

தசரா செட்டை ஒருத்தி ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு அழைத்தால் மாட்டேன் என்று போக முடியாது. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இறங்கி, வரிசையாக நின்று, பொட்டு வாங்கிக்கொண்டு, அங்கே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போக வேண்டும். அம்மன் வாசல் தாண்டிப் போனாள் என்று இருக்கக் கூடாது.

"அம்மன் எங்கடைக்கு மட்டும் வராமப் போவாளா? எல்லாரும் எறங்குங்க" என்றாள் சீனித்தாய். பிள்ளைகள் தொப் தொப்பென்று குதித்தார்கள். நடந்துபோன கூட்டத்திலும் கொஞ்சம் பேர் நின்றார்கள். டீக்கடை பெஞ்சு காலியாகி இந்தப் பக்கம் வந்தது.

அவள் வரிசையில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். தட்டை மூன்று சுற்று, நெற்றியில் ஒரு பொட்டு, அடுத்த முகம். ஐஸ்வர்யா நீலக் கன்னத்தை நீட்டிக்கொண்டு, "அத்த, எனக்கு முன் சீட்டு தாரேன்னு ஜெயகணேஷ் அண்ணன் சொல்லியிருக்கான். அவன் பக்கத்துலயே இருந்து ஆரன் அடிக்கப் போறேன்" என்றாள். சீனித்தாய் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

அடுத்தது மேளக்காரர்கள். ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். இவனுக்கு உண்டு. அடுத்தவனுக்கும் உண்டு. பாட்டில் எங்கே போனது என்பது தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்தது செந்தூர்வேல்.

அவன் விறைப்பாக நின்றான். கண்ணை அவள் தலைக்கு மேலே எங்கேயோ வைத்திருந்தான். அவள் பொட்டு வைக்கிற சாக்கில் நன்றாகக் குனிந்தாள். முதலில் ஸ்பிரிட். பிறகு அடியிலிருந்து குங்கிலியம். பசை. அவள் விடவில்லை, இன்னும் ஒரு மூச்சு இழுத்தாள். பட்டினி கிடக்கிற வாய்க்கு ஒரு வாடை உண்டு, அது இருந்தது. வேறு ஒன்றுமில்லை. ஒரு பொட்டு கூட இல்லை.

"மெசின் வேணும்னா கூப்புடுங்க அத்த" என்று உதடு அசையாமல் சொன்னான். "ஊதுதேன்."

"சாவி எங்கலே?" என்றாள்.

அவன் கண் கீழே இறங்கி, வரிசையின் கடைசிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

கடைசியில் கல்யாணப் பெண் நின்றது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெட்கப்படுகிற பாவனை. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சீனித்தாயும் சிரிக்கப் பார்த்தாள். தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் முந்தானையை விலக்கினாள்.

கிராம்பு. வாய் நிறையக் கிராம்பு மென்றிருந்தான்.

"பசைம்மா" என்றான் ஜெயகணேஷ், மெல்ல. அவள் இன்னும் எதுவும் கேட்கவேயில்லை.

கிராம்புக்கு அடியில் அது இருந்தது. புளித்த வாடை, கலர் பாட்டில் தித்திப்போடு. குங்கிலியம் இல்லை. எப்படி இருக்கும்? அந்த முகத்தில் என்னென்ன இருக்கிறது என்று உலகத்தில் வேறு யாரையும்விட அவளுக்குத் தெரியும். தேங்காயெண்ணெய், பவுடர், உதட்டுச் சாயம், கண்மை. சவுரிக்குக் கயிறு. பசைப் பாட்டிலை அவள் அவன் பக்கமே கொண்டுபோகவில்லை.

அவனுக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்றும் அவளுக்குப் புரிந்தது. இந்த ஊரில் இனி எவன் வாய் நாறினாலும் பசை என்றால் போதும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அந்த வழியைத் திறந்து விட்டதே அவள்தான். அதில் முதல் ஆளாக நுழைந்திருப்பது அவள் பிள்ளை.

அவள் நினைத்தால் அந்த இடத்திலேயே முடித்திருக்கலாம். பொட்டை வைத்துவிட்டு, வயிற்று வலி என்று எதையாவது சொல்லி அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். பர்னபாஸ் வந்து வண்டியை எடுத்திருப்பார். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. செந்தூர்வேலுக்குத் தெரியும், ஆனால் அவன் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்? போன வருஷம் அடுத்தவர் பிள்ளைக்கு முக்கு அதிரத் தொண்டையைத் திறந்தவள்தான் அவள். மகன் அவள் முகத்தையே பார்த்தான். கண் சிவந்திருந்தது. அந்தக் கண்ணில் அவன் பயந்திருக்கிறான் என்றும், அம்மா காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று நம்புகிறான் என்றும் தெரிந்தது.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி" என்று எதிர்க்கடையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஒரு நிமிசம் இங்கன வாங்க."

வன்னியபெருமாள் படியில் வந்து நின்றார். இறங்கவில்லை.

"எம் மவன் குடிச்சிருக்கான்" என்றாள் சீனித்தாய். குரல் உடைந்தது, அதனால் இன்னும் உரக்கச் சொன்னாள். "குடிச்சிட்டு இந்தப் பிள்ளையள ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டப் பாத்தான். ஒங்க மவன்ட்ட இருந்து சாவியப் புடுங்கி இவன் கையில குடுக்கதுக்குத்தான் நான் தட்ட எடுத்துட்டு வந்தேன்."

மேளம் நின்றுவிட்டது. இசக்கிசெல்விதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் நல்ல மனசுக்காரி. "சும்மாருங்க மைனி, போன வருசம் மாரி பசையா இருக்கும்" என்றாள். டீக்கடைக்காரரும், "ஆமாமா, பசை வாடைதான் அது" என்றார்.

"எவன் மூஞ்சியில மீசை இருக்கோ அவனுக்குத்தாம்ளா பசை" என்றாள் சீனித்தாய். "எம் மவன் மூஞ்சியப் பாரு. மீசை எங்க இருக்கு?"

இசக்கிசெல்வி ஓடிப்போய் மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நீலச் சாயம் அவள் சேலையெல்லாம் அப்பியது. ஜெயகணேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

செந்தூர்வேல் தொப்பியைக் கழற்றினான். உள்துணி மடிப்பிலிருந்து சாவியை எடுத்தான்.

"ஒருத்தர்ட்டயும் சொல்லலையாலே?" என்றாள் சீனித்தாய்.

"பர்னபாஸ் அண்ணனுக்குப் பன்னெண்டு தடவ அடிச்சிட்டேன். போனு வண்டிக்குள்ளயே கெடந்து அடிக்கி."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா. நான் இங்கனதான இருக்கேன்."

"ஒங்கிட்டயா?" அவன் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தான். "ஒங்க மவன் குடிச்சிருக்கான்னு நான் சொன்னா, நீங்க என்னைத்தான ஊதச் சொல்லுவீங்க."

அவள் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைத் தாண்டிப் போய், ரோட்டைக் கடந்து, சாவியை அப்பா கையில் கொடுத்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் போன முதல் சாமான் அது என்று நினைக்கிறேன். வன்னியபெருமாள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டீக்கடைக்காரரைப் பர்னபாஸை எழுப்பிக் கூட்டிவரச் சொன்னார். அதற்குப் பிறகுதான் படியிறங்கி வந்தார். வேப்பிலைக்குள் கை விட்டுப் பாட்டிலை எடுத்து, மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினார். மேளக்காரப் பையன்கள் இருவரையும் தன் கடைத் திண்டில் உட்காரச் சொன்னார். இதை எவன் உங்களுக்கு வாங்கிக் கொடுத்தது என்று கேட்க ஆரம்பித்தார். அந்த விசாரணை தனிக் கதை.

போகும்போது சீனித்தாய் கடைமுன் ஒரு நிமிஷம் நின்றார். பலகைமேல் கத்தரி கிடந்தது. அவள் அதையும் அவரையும் பார்த்தாள்.

"அது வேண்டாம் தாயி" என்றார். "போன வருசம் நான் அறுத்தது பத்தும்."

மூன்றரை மணிக்கு பர்னபாஸ் வண்டியை எடுத்தார். முகத்தில் தூக்கம் போய்ப் பயம் ஒட்டியிருந்தது. இனிச் சாவி தன் இடுப்பில்தான் இருக்கும் என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னார். முன் சீட்டில் செந்தூர்வேல். ஐஸ்வர்யாவை அவள் அம்மா பின்னால் தன் மடியில் வைத்துக்கொண்டு கூடவே போனாள். மேளமில்லாமல் வண்டி சனத்தை விலகி விலகி மெதுவாகப் போனது.

சீனித்தாய் மகனைக் கடைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்து, மோர் கரைத்துக் கொடுத்தாள். திட்டவில்லை. திட்டுவதற்கு வாயில் தெம்பில்லை. நடந்துபோன சனம் அவனைப் பார்த்துக்கொண்டே போனது. இங்கே நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு, காப்புக் கட்டிய ஒரு பிள்ளை கல்யாணப் பெண் வேஷத்தில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சின்ன வயசுக்காரி வரிசையிலிருந்து விலகி வந்தாள். இடுப்பில் காய்ச்சலில் வாடிய ஆறேழு மாசக் குழந்தை. அவனுக்கு முன்னால் வந்து, வெயிலில் சுட்ட காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, குழந்தையை இரண்டு கையாலும் நீட்டினாள். "அம்மா தாயே, மூணு நாளாக் காய்ச்சல் விடல. பிள்ளைக்கு ஒரு திருநீறு போட்டுவிடு."

ஜெயகணேஷின் கை பழக்கத்தில் திருநீறு வைத்திருந்த இடுப்புப் பைக்குப் போனது. பாதியில் நின்றது. அவன் அம்மாவைப் பார்த்தான். சீனித்தாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்கிட்ட வேண்டாம்க்கா" என்றான் அவன். இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது. "வேற யார்ட்டயாவது வாங்கிக்கோங்க."

அவளுக்கு விளங்கவில்லை. சாமி கோபித்துக்கொண்டதோ என்று பயந்து, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வரிசையில் போய்ச் சேர்ந்தாள்.

ஜெயகணேஷ் மோர்ச் செம்பைக் கீழே வைத்தான். பலகையில் கிடந்த கத்தரியை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, காப்புக் கட்டிய மணிக்கட்டை நீட்டினான்.